எந்திரம் சுட்டால் வழக்கு யார் மேல்?

அன்புள்ள ஐயா,

ராணுவத்தில் செயற்கை நுண்ணறிவு என்றதும் ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்? எந்திரத்துக்குக் கோபம் வராது, பழிவாங்கத் தோன்றாது, தூக்கமில்லாமல் கை நடுங்காது. சிப்பாயைவிட மேல்தானே? என் ஒரே சந்தேகம், தப்பாகச் சுட்டால் யாரைத் தண்டிப்பது என்பதுதான்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கட்சிக்கே முதலில் ஒரு சாட்சி தருகிறேன். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 290 பேரும் இறந்தார்கள். விமானம் மேலே ஏறுகிறது என்று கப்பலின் ஏஜிஸ் கணினி சரியாகவே பதிவு செய்திருந்தது. கீழே இறங்கித் தாக்க வருகிறது என்று கத்தியது திரைக்கு முன்னால் இருந்த மனிதர்கள்.

சரி, எந்திரத்தையே நம்பலாமா? 2003 மார்ச்சில், ஈராக்கிலிருந்து குவைத்துக்குத் திரும்பிய பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை, அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. யோசிக்க அங்கிருந்த குழுவுக்குக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம். திரை சொன்னதை நம்பிச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

அதனால்தான், "கடைசி முடிவு மனிதர் கையில்தான்" என்று ராணுவங்கள் சொல்லும்போது எனக்குச் சமாதானம் ஆவதில்லை. அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்? 2024 ஏப்ரலில் பிளஸ் 972 இதழ் வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். இஸ்ரேல் ராணுவத்தின் லாவெண்டர் என்ற மென்பொருள் காஸாவில் சுமார் 37,000 பேரை, ஆயுதக் குழுவினராக இருக்கலாம் என்று சந்தேகப் பட்டியலில் சேர்த்தது, ஏறக்குறைய பத்தில் ஒன்று தப்பாக இருக்கும் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தினார்கள், தாக்க அனுமதிக்கும் முன் ஒரு பெயருக்கு 20 விநாடிதான் செலவிட்டார்கள், அதுவும் ஆள் ஆண்தானா என்று பார்க்க. பெயர் வெளியிடாத உளவு அதிகாரிகள் சொன்னது இது. ராணுவம் மறுத்தது. அது தகவல்களை ஒப்பிட உதவும் தரவுத்தளம் மட்டுமே என்றது.

இனி உங்கள் சந்தேகம். எந்திரம் வந்ததால் குற்றவாளி காணாமல் போய்விடுவார் என்று அறிஞர்கள் நிறைய எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். மனிதர் சுட்டபோது மட்டும் யாரைத் தண்டித்தார்கள்? வின்சென்ஸ் கேப்டனுக்கு 1990இல் பதக்கம் கொடுத்தார்கள்!

லாவெண்டர் செய்தி உண்மையானால், பத்தில் ஒன்று போனால் போகட்டும் என்று முடிவு செய்தது மென்பொருள் இல்லை, ஒரு அதிகாரி. இலக்கு ராணுவத்துக்குரியதுதானா என்று முடிந்தவரை சரிபார்க்கும் கடமையை, தாக்குதலைத் திட்டமிடுபவர், முடிவெடுப்பவர் மேல்தான் வைக்கிறது போர் விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதல் கூடுதல் நெறிமுறை. இஸ்ரேல், அமெரிக்கா, இந்தியா மூன்றும் அதை ஏற்கவில்லை. ஆனால் இந்த விதி, நாடுகளின் நடைமுறையிலேயே ஊறிப்போன வழக்காற்றுச் சட்டமாகிவிட்டதால் எல்லோரையும் கட்டும் என்கிறது செஞ்சிலுவைச் சங்கம்.

சிக்கல் நிரூபிப்பதில். "கணினி சொன்னது, நம்பினேன்" என்று கீழே இருப்பவர் தப்பிக்கலாம். "அவன்தானே சுட்டான்" என்று மேலே இருப்பவரும் தப்பிக்கலாம். பிழை அளவையும் அந்த 20 விநாடியையும் அனுமதித்த கையெழுத்து எங்கே இருக்கிறதோ, வழக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.