ஐந்து வயதுப் பிள்ளையோடு பூன் ஹில்: மூன்று நாள் போதாது

வணக்கம். ஐந்து வயது மகனோடு நேபாளத்தின் கோரேபானி, பூன் ஹில் மலைநடைப் பாதையை மூன்று நாளில் முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஐந்து நாளாக்குங்கள்.

அதே வயதில் எங்கள் மகளைக் கூட்டிப்போனோம். வழியில் வரும் உள்ளேரி கிராமத்துக்கு ஏறும் கல்படிகள் மூவாயிரத்துக்கு மேல். கோவேறு கழுதைகளின் மணிச்சத்தம் கேட்டாலே அவள் நின்றுவிடுவாள். (அவை வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் கூடவே கூடாது.) முதல் இரவை உள்ளேரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூன் ஹில்லுக்குக் கீழே இருக்கும் கோரேபானி கிராமம் சுமார் 2,860 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தலை வலித்தால் பிள்ளைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டை ஒதுக்கினால், ஓயாமல் சிணுங்கினால், வாந்தி எடுத்தால் உயரத்தால் வந்தது என்றே வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். விடியலில் 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் உச்சிக்கு ஏறுவதா என்பதை அன்று காலை அவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாத்திரை எதுவானாலும் குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான்.

அப்புறம், முதுகில் தூக்கிப்போகும்போது உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் அவனுக்கோ குளிரும். அரை மணிக்கு ஒருமுறை கால்விரல்களைத் தொட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, வழியெங்கும் விடுதிகளில் சோறும் பருப்பும் கிடைக்கும்.

எந்த மாதம் போகிறீர்கள்? சொன்னால் துணிமணிப் பட்டியல் எழுதித் தருகிறேன்.