கண்ணாடி பிள்ளைக்கு, கண் உங்களுக்கு: நீச்சல் டீச்சர் பதில்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டும் அன்றைக்குப் பிள்ளைக்கு நீச்சல் கண்ணாடி வாங்காதீர்கள்." அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்கு: பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவது என் வேலை. அதற்கு முன் நாலு வருஷம் ஒரு சொகுசுக் கப்பலின் மேல்தளக் குளத்தில் இருந்தேன். துண்டு மடிப்பேன், தண்ணீர் சோதிப்பேன், ஓடுகிற பிள்ளைகளை "நட, நட" என்று அதட்டுவேன்.

ஆறு வயது மகளுக்கு இதுவரை மூன்று கண்ணாடி வாங்கிவிட்டோம். மூன்றிலும் தண்ணீர் புகுகிறது. பட்டையை இறுக்கினால் வலிக்கிறது என்று அழுகிறாள். கப்பலில் ஏற இன்னும் மூன்று வாரம்தான்.

இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தடுப்பது பட்டை இல்லை. கண்ணைச் சுற்றி உட்காரும் அந்த மெத்தென்ற சிலிக்கான் விளிம்புதான். அது முகத்தில் பொருந்தாவிட்டால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஒழுகும்.

வாங்கும்போதே சோதிக்கலாம். பட்டையைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அவள் முகத்துக்கானது. உடனே விழுந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். சின்ன மூக்குக்குப் பெரிய மூக்குப்பாலம் (இரண்டு கண்ணாடியையும் மூக்கின் மேல் இணைக்கும் பகுதி) வந்துவிட்டால் மூக்கோரம் இடைவெளி விழும். பெரும்பாலும் தண்ணீர் புகும் வழி அதுதான்.

பொருந்திய கண்ணாடியும் ஒழுகினால் இரண்டு இடம் பாருங்கள். விளிம்புக்கு அடியில் ஒரே ஒரு முடி மாட்டியிருக்கும். இல்லாவிட்டால், கண்ணைச் சுற்றி வெயில் கிரீமைத் தாராளமாகப் பூசியிருப்பீர்கள். அந்த வழவழப்பில் சிலிக்கான் பிடிக்காது. பட்டை காதுக்கு மேலே, பின்மண்டையின் மேல்பாதியில் உட்கார வேண்டும். பிடரிக்கு இறங்கினால் கண்ணாடியும் கூடவே இறங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றும்போது முன்பக்கம் பிடித்து இழுப்பார்கள். ஈரக்கை வழுக்கும். ரப்பர் சுண்டிவிட்ட மாதிரி அது திரும்பி வந்து கண்ணிலேயே அடிக்கும். என் வகுப்பில் ஒரு பையனுக்குப் புருவம் கிழிந்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அதனால் முதல் நாள் பாடமே இதுதான்: இரண்டு கட்டைவிரலையும் பின்மண்டையில் பட்டைக்குள் நுழைத்து, தலைக்கு மேலாக முன்னால் கொண்டு வந்து கழற்ற வேண்டும். உங்கள் மகளும் கட்டிலில் உட்கார்ந்து பத்துத் தடவை செய்து பார்க்கட்டும்.

உள்ளே ஆவி படிகிறது. விரலால் துடைத்துத் துடைத்துக் கோடு விழுந்துவிட்டது.

விரல்தான் குற்றவாளி. உள்பக்கம் பூசியிருக்கும் ஆவித் தடுப்புப் பூச்சை நீங்களே வழித்து எடுத்துவிட்டீர்கள். இனி உள்ளே எச்சில் தடவி, ஒரு தடவை தண்ணீரில் அலசிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முகம் சுளிக்காதீர்கள், கடலில் முக்குளிக்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க் வாங்கலாமா?

கப்பல் குளத்துக்கு வேண்டாம். பல கப்பல்களில் குளத்துக்குள் அனுமதிப்பதே இல்லை. முழு முகத்தையும் மூடும் வகையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆனால் வெறும் கண்ணாடிக்கும் ஒரு எல்லை உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டு மீட்டரிலேயே ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். மாஸ்க்குக்குள் மூக்கால் காற்று விட்டு அதைச் சமன் செய்யலாம். கண்ணாடிக்குள் மூக்கு இல்லை, அதனால் அது கண்ணைக் கவ்வி இழுக்கும். அடியில் கிடக்கும் காசைப் பொறுக்கும் போட்டி வைக்கிற மாமாக்கள் கவனிக்க.

இரண்டு வயது மகனுக்கு நீச்சல் டயப்பர் போட்டுத்தான் அழைத்துப் போனோம். ஆனாலும் குளத்தில் இறக்கவிடாமல் ஊழியர் தடுத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிட்டது. இது நியாயமா?

அந்த ஊழியரின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் நியாயம்தான்.

நீச்சல் டயப்பர் கெட்டியாக இருப்பதை ஓரளவு தாங்கும். வயிற்றுப்போக்கையும் சிறுநீரையும் தாங்காது. குளோரின் எதையும் கொன்றுவிடும் என்பது நம் நினைப்பு. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. சரியான அளவு குளோரின் கலந்த தண்ணீரிலும் ஏழு நாளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஒரு பிள்ளை ஒரு வாய் தண்ணீரை விழுங்கினால் போதும். ஒரே கப்பலுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அடைந்து கிடக்கும் இடத்தில் வயிற்று நோய் எப்படிப் பரவும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து போகும் பயணக் கப்பல்களைச் சோதிக்கும் சிடிசியின் (அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பு) சுகாதாரத் திட்டம், டயப்பர் போடும் வயதுப் பிள்ளைகளைப் பொதுக் குளத்தில் விடக்கூடாது என்கிறது. அங்கே போகும் கப்பல்கள் விருப்பப்பட்டுப் போட்ட விதி இல்லை இது. சில கப்பல்களில் குழந்தைகளுக்கென்றே தனிச் சுத்திகரிப்போடு நீர்விளையாட்டு இடம் இருக்கும். அங்கே நீச்சல் டயப்பரோடு ஆடலாம். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே "எங்கள் கப்பலில் அது உண்டா?" என்று கேளுங்கள். எல்லாக் கப்பலிலும் கிடையாது.

எங்கள் கப்பலில் ஒரு நாள் காலையில் அந்த 'விபத்து' நடந்தது. விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றி, கயிறு கட்டினோம். அன்று முழுக்கக் குளம் மூடல். சுற்றிலும் துண்டோடு நின்ற நூறு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களே அந்த ஊழியருக்குக் கை கொடுத்திருப்பீர்கள்.

லைஃப் கார்டு இருப்பாரே? நாங்கள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தால் போதாதா?

இருப்பார் என்று யார் சொன்னது? பல கப்பல்களில் "இங்கே லைஃப் கார்டு இல்லை" என்ற பலகை மட்டும்தான் இருக்கும். ராயல் கரீபியன் மாதிரிப் பெரிய நிறுவனமே 2017-இல்தான் தன் கப்பல் குளங்களுக்கு லைஃப் கார்டுகளை அமர்த்தத் தொடங்கியது. குளத்தோரம் நிற்கும் சீருடைக்காரர் லைஃப் கார்டுதான் என்று நம்பி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நின்றது நான், என் கையில் இருந்தது துண்டு.

மூழ்குகிற பிள்ளை சினிமாவில் மாதிரிக் கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். நாற்காலியிலிருந்து பார்த்தால் விளையாடுகிற மாதிரியே தெரியும். நீந்தத் தெரியாத பிள்ளை என்றால் நீங்களும் தண்ணீருக்குள், கை எட்டும் தூரத்தில். கையில் மாட்டும் காற்றுப் பட்டையும் வாத்து மிதவையும் விளையாட்டுச் சாமான்கள். அளவு சரியான லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். நீச்சலுடையும் நீலத்தில் வேண்டாம். தண்ணீருக்கு அடியில் நீலம் காணாமல் போகும். பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது.

நாலு வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் உட்காரலாமா?

கூடாது தாத்தா. ஐந்து வயதுக்குள் அந்தச் சூடு ஆகாது. நீங்கள் மட்டும் உட்காருங்கள்.

இரண்டாம் நாள் குளத்தில் தண்ணீரே இல்லை, வலை போட்டு மூடிவிட்டார்கள். புகார் எழுதலாமா?

கடலிடம் எழுதுங்கள். கப்பல் ஆடினால் குளத்துத் தண்ணீர் ஒரு பக்கம் ஆளுயரம் எழும்பி மறுபக்கம் அறையும். அதைப் பார்த்துத்தான் வடித்திருப்பார்கள்.

ஒன்பது வயது மகன் நன்றாக நீந்துவான். ஆனால் கண்ணாடி இல்லாமல் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மாட்டான். கண் எரிகிறதாம்.

பொய் இல்லை, எரியும். பல கப்பல்களில் குளத்தில் இருப்பது கடல்நீர். கண்ணீரில் உப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, கடலில் மூன்றரை. குளத்தில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் குளோரமைன் உண்டாகி அதுவும் கண்ணைச் சிவக்க வைக்கும். இறங்கும் முன் ஒரு நிமிஷம் ஷவரில் நின்றால் அந்தத் தொல்லை பாதி குறையும். எல்லோரும் நிற்க வேண்டும், அதுதான் சிக்கல்.

ஆனால் கால் தவறி விழும்போது கண்ணாடி நெற்றியிலோ அறையிலோ இருக்கும். அதனால் ஊரில் இருக்கும்போதே, வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷம் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை முக்கி, கண்ணைத் திறந்து, நீங்கள் தண்ணீருக்குள் எத்தனை விரல் காட்டுகிறீர்கள் என்று சொல்லட்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை அவன் காட்டட்டும், நீங்கள் முக்குங்கள்.