டாக்டர் சங்கங்களுக்கு வாஷிங்டனில் என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அக்கா மகள் அமெரிக்காவில் கண் டாக்டர். வருஷத்துக்கு ஒரு தடவை 'சங்க வேலை' என்று வாஷிங்டன் போய்விட்டு வருகிறாள். அங்கே என்ன, மருத்துவ மாநாடா?

பதில்: மாநாடு இல்லை, லாபி. அதாவது சட்டம் போடுபவர்களிடம் போய்த் தங்கள் தரப்பை எடுத்துச் சொல்வது. கண், இதயம், எலும்பு, தோல், மயக்க மருந்து என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அங்கே தனிச் சங்கம் இருக்கிறது. வருஷத்தில் ஓரிரு நாள் உறுப்பினர்களை வரவழைத்து, முதலில் உட்கார வைத்து 'இந்த இரண்டு மசோதாவைப் பற்றி மட்டும் பேசுங்கள், வேறு கதையை இழுக்காதீர்கள்' என்று பாடம் நடத்தி, அப்புறம் மாநிலவாரியாகப் பிரித்து செனட்டர், பிரதிநிதிகளின் அலுவலகங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். பெரும்பாலும் செனட்டர் கண்ணில் படமாட்டார். சுகாதார விஷயங்களைக் கவனிக்கும் உதவியாளர் ஒருவர், பல நேரம் முப்பதைத் தொடாத வயசுக்காரர், நோட்டுப் புத்தகத்தோடு வந்து கால் மணி நேரம் கேட்டுக்கொள்வார். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மசோதா வரும்போது செனட்டருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் இவர்தான், அவருக்கு மருத்துவம் தெரியாது, சந்தேகம் வந்தால் போன மாதம் வந்த டாக்டரையோ சங்கத்தின் வாஷிங்டன் அலுவலகத்தையோதான் கூப்பிடுவார். போதாக்குறைக்கு, உங்கள் அக்கா மகளுக்கு அங்கே ஓட்டு இருந்தால் மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும்.

கேள்வி: எதற்காக இத்தனை பாடு? வைத்தியம் பார்ப்பவருக்கும் சட்டம் போடுபவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பதில்: நடுவில் ஒரு அட்டவணை இருக்கிறது. 65 வயதைத் தொட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளில் ஒரு பகுதியினருக்கும் அமெரிக்க அரசு தரும் காப்பீடு மெடிகேர். டாக்டர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் 1992-லிருந்து அதில் புள்ளி உண்டு. கண்புரை ஆபரேஷனுக்கு இத்தனை, நோயாளியை உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பதற்கு இத்தனை. இடத்துக்கு இடம் சின்னத் திருத்தம் செய்து, ஒரு டாலர் தொகையால் பெருக்கினால் கட்டணம் வந்துவிடும். அந்தத் தொகை 1992-ல் 31 டாலர், 2025-ல் 32 டாலர் சொச்சம். முப்பது வருஷத்தில் விலைவாசி எங்கே போய்விட்டது! டாக்டர்கள் கத்துவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் பல இடங்களில் இந்த அட்டவணையை வைத்தே பேரம் பேசுவதால், இதில் ஒரு புள்ளி நகர்ந்தால் எல்லாமே நகரும்.

புள்ளி போடுவது யார்? முடிவு அரசுடையது. பரிந்துரைப்பது, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1991-ல் அமைத்த, 'ரக்' என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் குழு. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சிறப்புப் பிரிவுச் சங்கங்களின் ஆட்கள். 'இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு சிரமம்' என்று ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களிடமே கேட்டு வாங்கிக் கொண்டுவந்து வைக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. குழு கேள்வி கேட்டுக் குறைப்பதும் உண்டு, ஆனாலும் அது சொல்வதை அரசு பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

சண்டை தொடங்குவது இங்கேதான். புள்ளி மாற்றங்களால் வருஷச் செலவு 2 கோடி டாலருக்கு மேல் கூடினால், அதை வேறு இடத்தில் வெட்டிச் சரிக்கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒருத்தர் இலையில் கூடினால் பக்கத்து இலையில் குறையும். 2021-க்கான அட்டவணையில், வெளிநோயாளிகளைப் பார்த்துப் பேசும் வேலைக்குப் புள்ளியை ஏற்றினார்கள். குடும்ப டாக்டர்களுக்கு இது ரொம்ப நாள் கோரிக்கை. ஆனால் அதைச் சரிக்கட்ட அந்த டாலர் தொகையை 10 சதவீதத்துக்கும் மேல் வெட்ட வேண்டி வந்தது. அறுவை சிகிச்சைக்காரர்கள், ரேடியாலஜிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து 'கோவிட் காலத்தில் எங்கள் தலையில் கை வைக்கிறீர்களே' என்று நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். 2020 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? அந்த ஒரு வருஷத்துக்கு எல்லோருக்கும் 3.75 சதவீதம் ஏற்றிக் கொடுத்தார்கள், சிக்கலான நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டருக்கென்று வரவிருந்த கூடுதல் கட்டணத்தை 2024 வரை தள்ளிப் போட்டார்கள். அதாவது குடும்ப டாக்டருக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு அறுவை சிகிச்சைக்காரர்கள், ரேடியாலஜிக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டது. இரு தரப்பும் வாதாடியது 'நோயாளியின் நலன்' என்ற ஒரே பெயரில்தான்.

கேள்வி: நர்ஸ்கள் தனியாக மயக்கம் கொடுக்கக் கூடாது என்று மயக்க மருந்து டாக்டர்கள் சொல்கிறார்களாமே. பாதுகாப்பா, பிழைப்பா?

பதில்: இரண்டும். அங்கே இதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள். டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்ற மெடிகேர் விதியிலிருந்து மாநில ஆளுநர் எழுதிக் கேட்டால் விலகிக்கொள்ளலாம் என்று 2001-ல் வழி திறந்தார்கள். முதலில் விலகியது அயோவா, இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள். டாக்டர் சங்கம் ஒவ்வொரு மாநிலத்திலும் எதிர்க்கிறது, நர்ஸ்களுக்கும் சங்கம் உண்டு, அதற்கும் லாபி உண்டு. மயக்கம் கொடுக்கும்போது ஒரு நிமிஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிடலாம், அந்த பயம் பொய்யில்லை. ஆனால் டாக்டரே வராத சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸும் கூடாது என்றால் ஆபரேஷனே நடக்காது. அதற்கு நேரான பதில் சொல்லாமல் பாதுகாப்பு என்று மட்டும் பேசுபவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

கேள்வி: இது லஞ்சம் இல்லையா?

பதில்: சட்டப்படி இல்லை. லாபிக்குச் செலவழித்ததை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நன்கொடைக்குத் தனி நிதிக்குழு, அதிலிருந்து ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர்தான் உச்சம். வரிவிலக்குள்ள தர்ம அமைப்பு இப்படி நன்கொடை தர முடியாது என்பதால், சில சங்கங்கள் பக்கத்திலேயே இன்னொரு அமைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. சாமர்த்தியம்தான்.

கேள்வி: தங்கள் பைக்கு எதிராக எப்போதாவது பேசியிருக்கிறார்களா?

பதில்: ஒரு பழைய கதை சொல்கிறேன். தாய்சேய் நலத்துக்கு மாநிலங்களுக்குப் பணம் தரும் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் 1921-ல் வந்தது. டாக்டர் தொழிலில் அரசு மூக்கை நுழைக்கிறது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு எரிச்சல். மறு வருஷக் கூட்டத்தில் அதே சங்கத்தின் குழந்தை மருத்துவர் பிரிவு சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட, சங்கத் தலைமை அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கசப்பு தீரவில்லை. 1929-ல் சட்டம் காலாவதியானது, 1930-ல் 35 குழந்தை மருத்துவர்கள் டெட்ராய்ட்டில் கூடித் தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஓட்டே இல்லாத நோயாளிகளுக்காக இன்றைக்கும் அது வாதாடுகிறது. ஏழைக் குழந்தைகளுக்கு மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடு தரும் கட்டணத்தை ஏற்றச் சொல்லியும் கேட்கிறது. அந்தப் பணம் டாக்டர் பைக்குத்தானே போகும் என்பீர்கள். போகும். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் குழந்தைகளைப் பார்க்க மறுக்கிற டாக்டர்கள் இருப்பதும் நிஜம். இதில் எது சேவை, எது சம்பளம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.