அடம், வீம்பு, வைராக்கியம்: சொல் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிடிவாதம், அடம், முரண்டு மூன்றும் ஒன்றுதானே?

பதில்: மூன்றும் 'பிடி' என்ற வினையோடு வருவதால் அப்படித் தோன்றுகிறது. அடத்தில் ஒரு கேட்பு உண்டு. பொம்மை வேண்டும் என்று குழந்தை தரையில் புரளும். கையில் கொடுத்ததும் அடம் தீர்ந்துவிடும். முரண்டில் கேட்பே கிடையாது, மறுப்பு மட்டும்தான். 'முரண்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. நுகத்தடியைக் கண்ட மாடும் துருப்பிடித்த திருகாணியும் முரண்டு பிடிக்கும். 'வண்டி கிளம்ப அடம் பிடிக்குது' என்றும் சொல்கிறோமே என்றால், அங்கே வண்டியைக் குழந்தையாக்கிவிடுகிறோம். பிடிவாதத்துக்கோ ஒரு கருத்து அல்லது முடிவு வேண்டும். சொல்லுக்குள்ளேயே 'வாதம்' இருக்கிறது.

கேள்வி: வீம்பு எதில் சேரும்?

பதில்: எதிலும் சேராது. பார்க்க ஆள் இருந்தால்தான் வீம்பு. வயிறு காந்தும்போதும் 'எனக்கு வேண்டாம்' என்று தட்டைத் தள்ளுபவர், வீட்டில் யாரும் இல்லாதபோது அடுக்களைக்குள் நுழைந்துவிடுவார். 'வீம்புக்குச் சாப்பிடவில்லை' என்கிறோம். 'முரண்டுக்குச் சாப்பிடவில்லை' என்பதில்லை. எதிரில் இருப்பவருக்காகச் செய்வது என்பதை அந்த 'க்கு' காட்டிக்கொடுக்கிறது. சொல்லைத் தனியாக நிறுத்திப் பொருள் தேடாதீர்கள். கூட வரும் வினையையும் உருபையும் பாருங்கள்.

கேள்வி: பிடிவாதத்துக்குச் சரியான ஆங்கிலச் சொல்?

பதில்: அகராதியைப் பாருங்கள்.

கேள்வி: அழுத்தக்காரன் என்றால் பிடிவாதக்காரனா?

பதில்: இல்லை. மனத்தில் இருப்பதை வெளியே விடாதவன். கல்லுளிமங்கனும் அவனுக்குப் பங்காளிதான். பிடிவாதக்காரன் நாள் முழுக்கப் பேசுவான்.

கேள்வி: வைராக்கியம் 'வைரம்' என்பதிலிருந்து வந்தது. வைரம் போன்ற உறுதி. சரியா?

பதில்: தவறு. 'விராகம்', அதாவது ஆசை நீங்கிய நிலை, அதிலிருந்து வந்தது. முதற்பொருள் பற்றறுத்தல். விட்டதைத் திரும்பத் தொடாத மன உறுதி என்று நகர்ந்து, பிறகு எந்த உறுதிக்கும் ஆகிவந்தது.

கேள்வி (அவரே): 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோமே? உறுதி என்ற பொருள் அங்கே தெளிவாக இருக்கிறதே.

பதில்: அந்த வைரம் மரத்தின் சேகு, அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி. ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு வந்துவிடாது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்ற வழக்குகளில் 'வைரம் போன்ற உறுதி'யைப் பொருத்திப் பாருங்கள். வலியில் 'இனிப் பிள்ளையே வேண்டாம்' என்பதும், சுடுகாட்டில் 'என்ன வாழ்க்கை இது' என்பதும் சில நாளில் கரைந்துபோகும் பற்றின்மை. அங்கே கட்டையின் கெட்டித்தன்மை எங்கே?

கேள்வி (மீண்டும் அவரே): இருந்தாலும் மக்கள் மனத்தில் வைரம்தானே தோன்றுகிறது?

பதில்: தோன்றட்டும். சொல் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டீர்கள்.

கேள்வி: பிடிவாதத்துக்கும் விடாமுயற்சிக்கும் என்ன வேறுபாடு?

பதில்: இதே கேள்வி எனக்கு மூன்றாம் முறையாக வருகிறது. பூட்டு திறக்கவில்லை. அதே சாவியை இன்னும் பலமாகத் திருகுவது பிடிவாதம். எண்ணெய் விட்டு, வேறு சாவி போட்டு, கடைசியில் கொண்டியைக் கழற்றிப் பார்ப்பது விடாமுயற்சி. வென்றால் விடாமுயற்சி, தோற்றால் பிடிவாதம் என்று பெயர் வைக்காதீர்கள். கதவு திறக்காமலே போனாலும் இரண்டாமவர் செய்தது விடாமுயற்சிதான்.

கேள்வி: 'அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு' என்பதில் உள்ள மடம் முட்டாள்தனமா, பிடிவாதமா?

பதில்: நல்ல கேள்வி. பழைய உரையாசிரியர்கள் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று விளக்கம் தருகிறார்கள். பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதைக் கைவிடாமை. விடாமை இருப்பதால் பிடிவாதம் போலத் தெரியும். ஆனால் பிடிவாதக்காரன் காதில் எதுவும் ஏறாது; மடத்தில் ஏறிய பிறகுதான் பிடி தொடங்குகிறது.

கேள்வி: வைரம் கேட்டவர் செய்தது பிடிவாதமா, வீம்பா?

பதில்: முதல் மறுகேள்வியில் சான்று கொண்டுவந்தார்; அது வாதம். இரண்டாவதில் 'இருந்தாலும்' மட்டும்தான் வந்தது, அது பிடிவாதம். அடுத்தும் வந்தால் வீம்பா என்று பார்க்கலாம்.