காய்ந்த செம்மண்ணில் மிளகாய்: உயிர் உரத்துக்கு முன் ஈரம்

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில், சரளை கலந்த ஒரு ஏக்கர் செம்மண்ணில் சொட்டுநீர் அமைத்து, தை கடைசியில் மிளகாய் நட்டேன். செடி வளராமல் நின்றுவிட்டது. பங்குனி வெயிலில் காலை பதினோரு மணிக்கே இலை துவள்கிறது, பூவும் கொட்டுகிறது. அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தை டி.ஏ.பி. ரசாயன உரத்துடன் கலந்து தூரில் இட்டும் பலன் இல்லை. மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு போட்டால் தேறுமா? வீட்டில் கடலைத் தோல் நிறைய இருக்கிறது.

பதில்: தேறும். ஆனால் இடும் முறையை மாற்ற வேண்டும். அசோஸ்பைரில்லம் உயிருள்ள பாக்டீரியா என்பதால், ரசாயன உரத்தோடு கலந்து சூடான மண்ணில் இட்டபோது அதன் பெரும்பகுதி வேரைச் சேருமுன்பே மடிந்திருக்கும். தூருக்கு அருகே ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். மேல்மண் பொடியாக உதிர்ந்து, ஈரம் சொட்டுவானின் நேர் கீழே மட்டும் இருந்தால், உரத்தைவிட ஈரம் நிலைப்பதே உங்கள் நிலத்தின் முதல் தேவை.

ரசாயன உரம் இட்டுப் பதினைந்து நாள் கழித்து, மாலையில் நீர் பாய்ச்சிய பின், அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஆகிய ஒவ்வொன்றிலும் ஏக்கருக்கு 800 கிராம் எடுத்து, நன்கு மக்கிப் பொடித்த 100 கிலோ தொழுவுரத்தில் கலந்து, தூரைச் சுற்றி இட்டு மண் அணைத்து, அன்றே மூடாக்கால் மூடிவிடுங்கள். பொட்டலத்தின் காலாவதி தேதியையும் பார்த்து வாங்குங்கள். வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் நன்மைப் பூசணமான வேர் உட்பூசணத்தை (வேம்) நாற்றங்காலிலேயே இடுவது சிறந்தது. அதை அடுத்த நடவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடலைத் தோலை இரண்டு மூன்று அங்குல கனத்தில் சொட்டுநீர்க் குழாயின் மேல் பரப்பலாம். தண்டிலிருந்து நான்கு விரற்கடை விலகியிருக்கட்டும். மண்ணோடு கலந்துவிட்டால், அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்தத் தோல் வந்த கடலைக் கொல்லையில் தண்டழுகல் கண்டு, தூரில் வெண்பூசணமும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தென்பட்டிருந்தால், அந்தத் தோல் வேண்டவே வேண்டாம்; அதே பூசணம் மிளகாயையும் தாக்கும். அப்படியானால் கரும்புச் சோகையே (காய்ந்த கரும்பு இலை) மேல். எதைப் போட்டாலும் செம்மண்ணில் கரையான் வரக்கூடும் என்பதால், அவ்வப்போது மூடாக்கை விலக்கிப் பாருங்கள்.

நிற்கும் பயிருக்கு நெகிழித்தாள் மூடாக்கு தோதுப்படாது. அடுத்த நடவில் 25 மைக்ரான் தாளை வெள்ளி நிறப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்தால், கறுப்பைவிடச் சூடு குறைவதுடன், இலையை மேல்நோக்கிச் சுருட்டும் இலைப்பேனும் ஓரளவு விலகும்.

பூ கொட்டுவதில் வேலூர் வெயிலுக்கும் பங்கு உண்டு. அதை மூடாக்கு முழுவதும் தடுக்காது. வறட்சி தாங்க, பி.பி.எஃப்.எம். என்ற, இலையில் வாழும் நன்மை பாக்டீரியா திரவத்தை லிட்டருக்கு 10 மி.லி. வீதம், பூச்சிமருந்து எதுவும் சேர்க்காமல் மாலையில் தெளியுங்கள். இலை நுனி கருகியும் இருந்தால், கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, நீரையும் மண்ணையும் பரிசோதித்த பிறகே மேலும் உரம் வாங்குங்கள்.