சோடாப் போத்தல் திரும்பிப் போன காலம்

கேள்வி: திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்கள் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்கின்றன. நிலாவெளிக் கரையெங்கும் வெற்றுப் போத்தல்கள். பாவித்ததை வீசாமல் மறுபடி பொருளாக்கும் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ பற்றி மேடையேறிப் பேசும் உற்பத்தியாளர்கள், தாங்கள் விற்ற போத்தலைத் திருப்பி எடுத்தால் என்ன? பேராசைதானே காரணம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: பேராசை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணாடிப் போத்தலில் சோடா விற்ற முதலாளிகள் மட்டும் துறவிகளா? வெற்றுப் போத்தல் கொண்டுபோகாவிட்டால் கடைக்காரர் அதற்கும் காசு பிடித்துக்கொள்வார். கண்ணாடிக்கு விலை இருந்தது. அதனால் நிறை போத்தல் இறக்கிய லொறியே வெற்றுப் போத்தலை ஏற்றிக்கொண்டு திரும்பியது. இயற்கைமேல் கொண்ட காதலால் அல்ல.

பிளாஸ்டிக் போத்தலுக்கு அந்த மதிப்பு இல்லை. நசுக்காமல் ஏற்றினால் லொறி நிறையக் காற்றுத்தான். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். காற்றை ஏற்றிப்போக டீசல் காசு யார் தருவார்? நசுக்கிக் கட்டும் இயந்திரம் வாங்கினாலோ, அதற்குத் தீனி போடும் அளவுக்குப் போத்தல் தினமும் சேரவேண்டும்.

சேர்ந்தாலும் தீராது. அரைத்துத் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், போத்தல் துண்டுகள் தாழும், பிரிப்பது சுலபம். சுற்றியிருக்கும் லேபிள் பீ.வீ.சீ. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் என்றால் அதுவும் கூடவே தாழும். போத்தல் பிளாஸ்டிக் உருக 250 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். பீ.வீ.சீ. அதற்கு முன்பே கருகி, அமிலத்தைக் கக்கி, உருக்கிய அத்தனையையும் கெடுத்துவிடும். லேபிளைத் தெரிவுசெய்கிறவர் கடைத் தட்டில் அது மின்னுகிறதா என்று மட்டும் பார்க்கிறார். கழுவுதொட்டியருகே அவர் ஒருநாளும் நின்றதில்லை. உற்பத்தியாளரைத் திட்டவேண்டுமானால் இந்த இடத்தில் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இன்னொன்று, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான மசகெண்ணெயின் விலை. அது சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடும். மீள்சுழற்சிச் சரக்கைத் தேடி வந்தவர்கள் மறுநாளே காணாமற்போவார்கள். இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் சரியாது.

கழிவுக்கு விலை இருந்தால் யாரும் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் சீமெந்தில் சேர்கிறது. அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் செலவு மிச்சம். (எங்கள் கிண்ணியாத் தயிர்ச்சட்டியைச் சுழற்சிக்கு உதாரணமாகக் காட்டுவோரும் உண்டு. பாலை உறிஞ்சிய மண்சட்டியைக் கழுவி மறுபடி உறையூற்ற முடியாது. மண்ணோடு மண்ணாகும், அவ்வளவே.)

சரி, வெற்றுப் போத்தலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முற்பணத்தை ஒரு நிறுவனம் மட்டும் துணிந்து வாங்கினால்? பக்கத்துத் தட்டில் பத்து ரூபாய் குறைந்த போத்தலை நீங்களும் நானும் எடுத்துவிடுவோம். ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். ஜேர்மனியில் 2003 முதல் அப்படித்தான்; வெற்றுப் போத்தலைக் கொடுத்தால் 25 யூரோ சதம் திரும்பக் கிடைக்கும். நாங்கள் 2017இல் பொலித்தீன் சோற்றுத்தாளையும் 2023இல் உறிஞ்சுகுழாயையும் தடைசெய்தோம். எதை விற்கக்கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. விற்றதைத் திருப்பி எடுக்கும் செலவு யாருடையது என்பதையும் அது வாய்திறந்து சொல்லவேண்டும்.

அடுத்த கடிதத்தை எனக்கு எழுதவேண்டாம். நீங்கள் குடிக்கும் சோடாவின் நிறுவனத்துக்கு எழுதி, லேபிள் எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பதில் வந்தால் இதே பக்கத்தில் போடுகிறேன்.