வம்பு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? – சிலம்ப ஆசான் பதில்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 25 வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். தெருவில் அடிதடி என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில். கம்பு வீச்சு, போட்டி பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆசான், எத்தனை மாதம் கற்றுக்கொண்டால் தனியாளாக இரண்டு பேரைச் சமாளிக்கலாம்? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

தம்பி, பத்து வருடம் கற்றாலும் அப்படி எழுதித் தர மாட்டேன். களத்தில் ஒருவருக்கு ஒருவர், காலுக்குக் கீழே மண், நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இதில் ஒன்றும் கிடையாது. கீழே சிமென்ட் தரை. ஒரே குத்தில் நிலைதடுமாறி விழுந்து, பின்மண்டை தரையில் மோதிச் செத்தவர்கள் உண்டு. குத்தியவன் கொலைக் கேஸில் நிற்பான்.

உன் வயதில் எனக்கும் இந்த நினைப்பு இருந்தது. 24 வயதில் வலங்கைமான் பக்கம் ஒரு டீக்கடை வாசலில், வண்டி நிறுத்துவதில் தகராறு. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒரு குத்து விட்டேன். அவன் தலையைக் குனிந்தான், என் கை முட்டி அவன் மண்டையில் பட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சுண்டுவிரலுக்குக் கீழே கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு. இன்றைக்கும் கையை மடக்கினால் அந்த முட்டி பள்ளமாகத்தான் இருக்கும்.

சிலம்பத்தில் முதலில் காலடிதான், வீச்சு அப்புறம். எதிராளியின் கம்பு எட்டாத இடத்தில் உன் கால் இருக்க வேண்டும். அதை மட்டும் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போ.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு வசூல் பணத்தோடு வாய்க்கால் கரை ரோட்டில் பைக்கில் வீடு திரும்புகிறேன். போன வாரம் ஒரு வண்டி ரொம்ப தூரம் பின்னாலேயே வந்தது. கையில் ஏதாவது வைத்துக்கொள்ளலாமா? (மன்னார்குடி பக்கம்)

அண்ணே, கையில் எதை வைத்துக்கொள்வது என்பதைவிட, பணத்தைக் கையில் வைக்காமல் இருக்க வழி பாருங்கள். பகலிலேயே பாங்கில் கட்டுங்கள். தினமும் அதே நேரம், அதே வழி, அதே பை என்று போகாதீர்கள். கடை மூடுகிற நேரத்தைத் தெரு முழுக்கத் தெரிந்து வைத்திருக்கும்.

கரை ரோட்டின் சங்கடம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி குறுக்கே நின்றால் கதை முடிந்தது. ஒரு நாள் பகலில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். எங்கே பாலம், எந்த வீட்டில் ராத்திரி விளக்கு எரியும், எந்த ரைஸ்மில்லில் காவலுக்கு ஆள் உண்டு என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து வழி விடுங்கள். அவனும் குறைத்தால் உங்களுக்காகத்தான் வருகிறான். அப்போது வீட்டுக்குப் போகாதீர்கள், வீட்டை அவனுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். விளக்கு இருக்கிற இடத்துக்குப் போய் ஹாரனை அழுத்திக்கொண்டே நில்லுங்கள், 112க்குப் போன் போடுங்கள். “டயரில் காத்து இல்லண்ணே” என்று யாராவது கத்தினால் அங்கே இறங்கிப் பார்க்காதீர்கள்.

மறித்தே விட்டார்களா? பையை ஒரு பக்கம் வீசுங்கள், நீங்கள் மறுபக்கம் போங்கள். ஓட வேண்டி வந்தால் வந்த வழியே திரும்பி ஓடுங்கள், குறுகலான ரோட்டில் அவர்கள் வண்டியைத் திருப்புவதற்குள் கொஞ்ச தூரம் கிடைக்கும். வயலில் இறங்காதீர்கள். நடவு முடிந்த வயலில் பத்தடி போவதற்குள் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும், இருட்டில் கணுக்கால் மடங்கும். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்காலிலும் குதிக்காதீர்கள். மதகுக்குப் பக்கத்தில் இழுக்கும் இழுப்பு நம்ம ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்தியோ அருவாளோ எடுத்தால் தட்டிவிட ஏதாவது பூட்டு (கையை மடக்கும் பிடி) இருக்கிறதா? (பட்டுக்கோட்டை)

இருக்கிறது. வகுப்பில் மரக்கத்தி வைத்துச் சொல்லித்தருகிறேன். அதை நம்பித் தெருவில் நிற்காதே. சந்தேகம் இருந்தால் வெள்ளை பனியன் போட்டுக்கொண்டு, ஸ்கேலில் குங்குமத்தைக் குழைத்துத் தடவி, நண்பனை நிஜமாகவே குத்தச் சொல். பத்து நொடி கழித்து பனியனைப் பார்.

1983-ல் அமெரிக்காவில் டென்னிஸ் டூலர் என்ற போலீஸ்காரர் எழுதிய ஒரு கணக்கு உண்டு. கத்தியோடு வருகிறவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். துப்பாக்கி வைத்திருக்கிற போலீஸ்காரருக்கே உறையிலிருந்து எடுத்துச் சுட அவ்வளவு நேரம் ஆகும். வெறுங்கையோடு நிற்கிற உனக்கு வேண்டியது இன்னும் தூரம், நடுவில் ஒரு தடுப்பு. நிறுத்திய கார், டீக்கடை பெஞ்ச், சைக்கிள், எதுவானாலும் சரி.

குத்துப்பட்டுக் கத்தி உடம்பிலேயே நின்றால் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108.

“என்னடா மொறைக்கிற?” என்று போதையில் ஒருத்தன் வருகிறான். பயந்து போனால் கேவலமில்லையா? (திருவாரூர்)

“இல்லண்ணே, தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.” இவ்வளவுதான் வசனம். சொல்லிக்கொண்டே நகர வேண்டும். அவன் கூட்டாளிகள் முன்னால் அவன் கெத்தைக் கெடுக்காதீர்கள், அது போனால் அவனுக்கு அடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

பேசும்போது இரண்டு கையும் நெஞ்சு உயரத்தில், விரித்த உள்ளங்கையோடு இருக்கட்டும். பார்க்கிறவர்களுக்குக் கெஞ்சுகிற மாதிரி தெரியும், அடி வந்தால் முகத்துக்குக் காவல். வேட்டியை மடித்துக் கட்டுகிறானே என்று பயப்பட வேண்டாம், நம் ஊரில் டீ குடிக்கவும் அப்படித்தான் கட்டுவோம். கவனிக்க வேண்டியது வேறு: சளசளவென்று திட்டியவன் திடீரென்று வாயை மூடினால், இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தால், ஒரு காலைப் பின்னால் வைத்தால், அடுத்தது அடிதான். அதற்குள் நீங்கள் நகர்ந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வருகிறேன். செயினைப் பறிக்க வந்தால் என்ன செய்வது? மிளகு ஸ்பிரே வாங்கலாமா? (தஞ்சாவூர்)

விட்டுவிடு தங்கச்சி. தாலியாக இருந்தாலும். ஓடுகிற பைக்கோடு இழுபட்டால் போவது கழுத்தும் தலையும். வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி, ரோட்டுப் பக்கம் தோள்பை தொங்காமல் நட. ஸ்பிரே வாங்கலாம், ஆனால் கைப்பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. எதிர்க்காற்றில் அடித்தால் உன் கண்தான் எரியும். அடித்ததும் ஓட வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. பறிப்பை இப்போது சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 304, மூன்று வருடம் வரை சிறை.

திருப்பி அடித்தால் நம் மேல் கேஸ் வருமா? (மயிலாடுதுறை)

வரலாம். 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் புதிய சட்டமான அதே பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றியது. உயிரைக் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு அடிக்கலாம். போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. அவன் விழுந்த பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் கணக்கில்தான்.

முடிந்ததும் உட்கார்ந்து யோசிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதியுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். “இது எங்க லிமிட் இல்லை” என்று சொன்னாலும், எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் பதியச் சட்டம் இடம் தருகிறது. தலையில் அடி என்றால் ஒரு நாளாவது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஒருத்தனை நாலு பேர் போட்டு அடிக்கிறார்கள். தள்ளி நின்று பார்ப்பதா? (நாகப்பட்டினம்)

நடுவில் புகாதீர்கள், இரண்டாவது ஆளாக நீங்களும் அடி வாங்குவீர்கள். தூரத்திலிருந்து “போலீஸ் வருது” என்று கத்துங்கள், வண்டி ஹாரனை அடியுங்கள், 112ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு 61 வயது, மூட்டு வலி. ஓடு ஓடு என்கிறீர்களே, நான் எப்படி ஓடுவது? (திருவையாறு)

ஐயா, மற்றவர்கள் ஓட ஆரம்பிக்கும்போது நீங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் கச்சேரி முடியும் வரை உட்காராமல் கால் மணி முன்பே கிளம்புங்கள். கடையில், பஸ்ஸில் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சத்தம் உயர்ந்தால் யார், என்ன என்று எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். மூட்டு வலிக்கு எப்படியும் கைத்தடி வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தால் அதை எப்படிப் பிடிப்பது, ஒருவனை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்று காட்டுகிறேன். தட்சிணையெல்லாம் வேண்டாம், திருவையாற்று அசோகா அல்வா கொஞ்சம் வாங்கி வாருங்கள்.